மஞ்சளாக எரியும் பர்னரும் கரிபிடிக்கும் குக்கரும்

வணக்கம் அம்மா. பால் பொங்கி வழிந்த நாளிலிருந்து பெரிய பர்னர் மட்டும் மஞ்சளாக எரிவதாகவும், குக்கரின் அடியில் கரி பிடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சிறிய பர்னர் நீலமாகவே எரிவதால் சிலிண்டரையோ ரெகுலேட்டரையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. வழிந்த பால் பர்னரின் பித்தளை மூடியின் துளைகளில் காய்ந்து இறுகியதால், வாயுவும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிய முடியவில்லை என்றே கருதுகிறேன்.

அடுப்பு நன்றாக ஆறியபின் ரெகுலேட்டரை அணைத்து, மூடியைக் கழற்றி, சோப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் மெல்லிய ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தீக்குச்சியைப் பயன்படுத்த வேண்டாம். முனை உள்ளேயே முறிந்து அடைத்துக்கொள்ளும். புளி தேய்த்தால் பித்தளை பளபளக்கும், ஆனால் சுடரைச் சீராக்குவது துளைகளின் சுத்தம்தான். ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே மூடியைச் சாய்வில்லாமல் பொருத்துங்கள்.

அதன் பின்னும் மஞ்சள் மாறாவிட்டால், அடுப்பின் அடியில் காற்று நுழையும் வாயில் தூசியோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம். அதை ஏஜென்சியின் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பர்னருக்குள் வாயுவைச் செலுத்தும் சிறு முனையான ஜெட்டின் துளையைப் பெரிதாக்க மட்டும் யாரையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள், ஏனெனில் வாயு அதிகமாக வெளியேறி மஞ்சள் சுடர் இன்னும் கூடும்.

அவர் வரும்போது ரப்பர் டியூபையும் காட்டுங்கள். 5 ஆண்டுகள் கடந்திருந்தால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். இடையில் வாயு வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.