பெண் குழந்தைக்குச் சங்கிலி என்று பெயர் வைக்கலாமா? அதன் பொருளும் வரலாறும் என்ன?

என் பெயரே சங்கிலி என்பதால் எழுதுகிறேன். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் திருவொற்றியூர். பெண்தான். இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூரியர் கொண்டுவரும் பையன்கள் எல்லாம் "சங்கிலி சார் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

புகுந்த வீட்டில் இந்தப் பெயரை வைக்கச் சொல்கிறார்கள், கேட்டவுடன் இரும்புச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது, இப்போது யாராவது வைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் காலடிப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர் என்று எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார். வேறு ஊரில் பெண் குழந்தைக்கு இந்தப் பெயர் சுலபத்தில் தோன்றாது. அவர் தெரிந்துதான் சொல்கிறார், முதலில் அதை நம்புங்கள்.

பொருளைக் கேட்டால், சங்கிலி என்றால் சங்கிலிதான். சிருங்கலா என்ற வடசொல் தமிழில் தேய்ந்து சங்கிலி ஆனது. சங்கலி என்றும் எழுதுவார்கள். "உள்ளங்களை இணைப்பவள்" என்று யாராவது விளக்கம் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இந்தப் பெயருக்கு உள்ள மதிப்பெல்லாம் தேவாரம் பாடிய சுந்தரரின் மனைவி சங்கிலி நாச்சியாரால் வந்தது.

அவர் பிறந்தது செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஞாயிறு கிராமம். அப்பா ஞாயிறு கிழார், நிலபுலன் உள்ள வேளாளர். கல்யாணப் பேச்சை எடுத்தபோது, சிவனடியார் ஒருவருக்குத்தான் கழுத்தை நீட்டுவேன், அதுவரை ஒற்றியூரில் இருந்து தொண்டு செய்கிறேன் என்று பெண் சொல்லிவிட்டாள். பெற்றவர்கள் கோயில் பக்கத்தில் கன்னிமாடம் கட்டிக் குடிவைத்தார்கள். அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்தவளைத்தான் சுந்தரர் பார்த்தார். அவருக்குத் திருவாரூரில் பரவையார் ஏற்கெனவே இருந்தார். ஆகவே, ஒற்றியூரை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்றாகிவிட்டது. சுந்தரர் லேசுப்பட்டவரா? நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீ அங்கே இருக்காதே, வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே ரகசியமாகக் கேட்டார். சரி என்று சொன்ன சிவன், நேராகப் போய்ச் சங்கிலியின் கனவில் "சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு" என்று சொல்லிவிட்டார். காலையில் தோழிமார் அப்படியே கேட்க, மாட்டிக்கொண்டார் மனிதர். வேறு வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் செய்து கல்யாணமும் செய்துகொண்டார்.

அப்புறம் தென்றல் வீசியது, ஆரூர் வசந்த விழா ஞாபகம் வந்தது, கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. கோபத்தில் அதை வீசியெறிந்து நந்தியின் கொம்பை உடைத்தார் என்று கதை. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் இன்னொரு கண் திரும்பி வந்தன. அந்தத் திருவெண்பாக்கம் இப்போது கிடையாது. 1944-ல் முடிந்த பூண்டி ஏரிக்காக ஊரே தண்ணீருக்குள் போய்விட்டது. சாமியை மட்டும் கொண்டுவந்து பூண்டியில் ஊன்றீஸ்வரர் கோயிலாக வைத்திருக்கிறார்கள்.

நந்தி கொம்பைத் தவிர இந்தக் கதையெல்லாம் சேக்கிழார் சொன்னதுதான், என் சொந்தச் சரக்கு இல்லை. ஆனால் பெரியபுராணத்தில் தேடுகிறவர்கள் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தைப் பிரிக்கவேண்டும். சங்கிலியாருக்கென்று தனிப் புராணம் கிடையாது, அடுத்தவர் புராணத்துக்குள் ஒண்டுக்குடித்தனம். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பெரியவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நானும் நெற்றியில் திருநீறு வைக்கிற ஆள்தான். சுந்தரரே தேவாரத்தில் "சங்கிலியோடு எனைப் புணர்த்த தத்துவனை" என்று பெயரைச் சொல்லிப் பாடியிருக்கிறார். பெயர் எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்கு அது போதும்.

எனக்குப் பெயர் வைத்தது ஆயா, என் பாட்டி. தேரடியில் பூ விற்றவர். மாசி பிரம்மோற்சவத்தில், அந்த மரத்தடிச் சத்தியத்தை நினைத்துச் செய்யும் மகிழடி சேவை நடக்கும்போது எனக்கு மகிழம்பூவைக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். சுண்டுவிரல் நகத்தளவு பூ, நடுவில் தானாகவே ஒரு துளை. மல்லிகையைப்போல் முடிச்சுப் போடவேண்டாம், நூலைத் துளைக்குள் விட்டு இழுத்தால் சரம் ஆகிவிடும். காய்ந்து பழுப்பாகி நொறுங்கினாலும் வாசனை போகாது. ஆயா அதைப் புடவை மடிப்பில் போட்டு வைப்பார். பெட்டியைத் திறந்தால் வீடே மணக்கும்.

என் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர், "ரெண்டாந்தாரம் பேரைப் போயா வெச்சாங்க? புருஷன் விட்டுட்டுப் போனவளாச்சே" என்று நடுக்கூடத்தில் கேட்டார். நைனா முகம் சுருங்கிவிட்டது. ஆயா விடவில்லை. "விட்டுட்டுப் போனவருக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சு, எங்க சங்கிலிக்கு ஒண்ணும் ஆவலியேம்மா" என்றார். அத்தை காபித் தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. உங்களிடமும் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே நிபந்தனை போட்டு, சாட்சி வைத்துச் சத்தியம் வாங்கியவள் அவள். அந்தக் காலத்தில் எத்தனை பெண்ணுக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்கும்? என்னைப் பொறுத்தவரை பெண் குழந்தைக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது. உடனே, தியா, ரியா என்று வைத்தவர்களை இவள் மட்டம்தட்டுகிறாள் என்று கிளம்பவேண்டாம். என் அண்ணன் மகள் பெயரே அந்த ரகம்தான்.

சரி, எவ்வளவு பேர் வைக்கிறார்கள்? தென்மாவட்டங்களில் இது நன்றாகவே புழங்குகிற பெயர், ஆனால் ஆண்களுக்கு. சங்கிலிக் கருப்பன் காவல் தெய்வம், அந்தச் சாமி பெயரை ஆண்பிள்ளைக்கு வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் சங்கிலி என்றால் ராஜாதான். நான் துறைமுகத்துச் சரக்கு நிறுவனம் ஒன்றில் பில் போடுகிறேன். தூத்துக்குடி, மதுரைப் பக்கத்து லாரி டிரைவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று என் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "எங்க சித்தப்பா பேருங்க மேடம்!" என்பார்கள். எங்கள் பகுதியில்கூடப் பெண்ணுக்கு இந்தப் பெயர் இருந்தால் பாதிப்பேர் ஆயா வயதில்தான் இருப்பார்கள். ஆகவே பள்ளியில் உங்கள் பெண் ஒரே சங்கிலியாக இருப்பாள். கிண்டல் இருக்கும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். செயின் பறிப்புச் செய்தி வருகிற அன்றெல்லாம் என் வகுப்பில் ஒரே கூத்து.

இன்னொன்று. ஊர் எது என்று சொன்னதும் "வடசென்னையா..." என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள் பாருங்கள், பெயரைக் கிண்டல் செய்வதைவிட அதுதான் எனக்கு எரிச்சல். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கு அந்த மணல் எங்கேயிருந்து வந்தது என்று தெரியுமா? வருஷத்தில் பெரும்பகுதி கடல் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வரும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் எல்லாம் தெற்கே மெரினாவில் தங்கிவிட்டது, வடக்கே எங்கள் கரையை அலை தின்ன ஆரம்பித்தது. ஆயா பிறந்த வீடு இருந்த தெருவே இப்போது அலைக்குள் இருக்கிறது. கருங்கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கடற்கரை, எங்களுக்குக் கல். கேட்டால் வளர்ச்சி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

பெயர் வைப்பதென்று முடிவு செய்தால் ஆங்கில எழுத்தை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். நடுவில் ஜி வருமா, கே வருமா என்பதுதான் தகராறு. என் மதிப்பெண் பட்டியலில் கே, ஆதாரில் ஜி. பாஸ்போர்ட் எடுக்க நான் அலைந்த அலைச்சல் உங்கள் குழந்தைக்கு வேண்டாம். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணம் இல்லை, அதனால் அவசரப்படாமல் எல்லோரும் உட்கார்ந்து பேசியே எழுதலாம். நவநாகரிகமாக இருக்கட்டும் என்று முன்னால் ஒரு ஸ்ரீ, பின்னால் ஒரு கா ஒட்டாதீர்கள். சங்கிலி என்று மொட்டையாகவே இருக்கட்டும். வீட்டில் கூப்பிட மட்டும் நாச்சி என்றோ வேறு ஏதோ ஒன்றோ தொட்டிலில் போடும்போதே பழக்கிவிடுங்கள். நீங்கள் பழக்காவிட்டால் தெருப்பிள்ளைகள் சுருக்கிச் சங்கு என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் ஏரியாவில் சங்கு எப்போது ஊதுவார்கள் என்று உங்கள் மாமியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.