வாசகர் கேள்வி-பதில்: கழுவெளியைக் காக்க எழுதிக் கொடுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கழுவெளியை (கடலோரச் சதுப்பு நிலம்) ஒட்டித் தொழிற்சாலை வரப்போகிறதாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மூன்று வாரமே இருக்கிறது. நேரில் போய்ப் பேசினால் போதுமா?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பேசுங்கள். ஆனால் அதற்கு முன்பே மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணி முடிவெடுப்பதில்லை. 'வேண்டாம்' என்று நூறு பேர் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பில் ஒரே வரியில் அடக்கிவிடலாம். திட்ட அறிக்கையின் பக்க எண்ணைக் காட்டி எழுதிய ஆட்சேபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அந்த நாளிதழ்ப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். நாள் குறைந்தால் அதுவே முதல் ஆட்சேபம். வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஓட்டைகள் பெரும்பாலும் முழு அறிக்கையின் பின்னிணைப்புகளில்தான் கிடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, கள ஆய்வு எந்த மாதங்களில் நடந்தது என்பது. மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் தரவு போதும் என்று பல திட்டங்களுக்கு அனுமதிக்கிறார்கள். மார்ச் முதல் மே வரை கணக்கெடுத்தால், அக்டோபரில் வந்து மார்ச்சில் கிளம்பும் வலசைப் பறவைகள் பட்டியலில் எப்படி இருக்கும்? 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்ற வாசகம் பிறப்பது இப்படித்தான். நாள், நேரம், இடக்குறியீடு பதிந்த படங்களோடும் இ-பேர்ட் (பறவை பார்ப்போர் பதிவிடும் இணையதளம்) பட்டியல்களோடும் மறுத்து எழுதுங்கள். அடுத்து, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, உச்சப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கெனத் தனிப் பாதுகாப்புத் திட்டம் கேளுங்கள். நீர் வரத்து வாய்க்கால்களை வருவாய்த்துறைப் புலப்படத்தோடு ஒப்பிடுவதும் அவசியம். ஓடையை வரைபடத்தில் காட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒரு தாளுக்கு ஒரு பொருள், பக்க எண், உங்கள் கோரிக்கை: இவ்வளவு போதும். ஒரே அச்சுக் கடிதத்தில் ஐந்நூறு கையெழுத்து வாங்குவதைவிட, மீனவர், உப்பளத் தொழிலாளி, ஆடு மேய்ப்பவர் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதும் பத்துக் கடிதங்களுக்குக் கனம் அதிகம்.

கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை கலையாதீர்கள். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள்; நிகழ்ச்சி முழுவதும் வீடியோவில் பதிவாகிறது.

கேள்வி: கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?
- வாசகர், மேலூர்

பதில்: உங்கள் வட்டாரமே சாட்சி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானதும் ஊர்கள் தீர்மானம் போட்டன. அதே பகுதியில் அலங்கும் (எறும்புத்தின்னி) தேவாங்கும் வாழும் அரிட்டாபட்டி, 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது வாதத்துக்கு முதுகெலும்பானது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் தனியாகத் திட்டத்தை நிறுத்தாது. ஆனால் ஊரின் நிலைப்பாட்டுக்கு அதைவிட வலுவான ஆவணம் இல்லை. குறைவெண் வரம்பை, அதாவது கிராம சபைக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். தீர்மான நகலை அன்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அனுமதி கொடுத்துவிட்டால்?

பதில்: தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு வழியில்லை. எனவே மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதிகளை வெளியிடும் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். ஆணை ஏறிய நாளிலிருந்தே நாட்களை எண்ணத் தொடங்குவது பாதுகாப்பு.