போக்கரினி செல்லோ கான்செர்ட்டோ: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: போக்கரினியின் பி ஃபிளாட் மேஜர் செல்லோ கான்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு செல்லோ தனித்து ஒலிக்கும் படைப்பு) செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்த ஒலிப்பதிவில் கேட்டுப் பழகியவன் நான். அதன் இசைக்குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் இரண்டாம் பகுதி முற்றிலும் வேறாக இருக்கிறது. முதல் பகுதியிலும் பல இடங்கள் பொருந்தவில்லை. தவறான புத்தகத்தை வாங்கிவிட்டேனா?

பதில்: இல்லை, நீங்கள் வாங்கியிருப்பது பெரும்பாலும் போக்கரினி எழுதிய மூல வடிவமாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்டுப் பழகியதுதான் பிற்காலத்தில் மாற்றியமைத்தது.

லூயிஜி போக்கரினி (1743–1805) இத்தாலியின் லூக்காவில் பிறந்து மாட்ரிட்டில் வாழ்ந்து மறைந்தவர். அவரே பெரிய செல்லோ கலைஞர். அவர் காலமாகி சுமார் 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 1895இல், டிரெஸ்டனில் இருந்த செல்லோ கலைஞர் ஃபிரீட்ரிக் க்ருட்ஸ்மாகர் இந்தக் கான்செர்ட்டோவைத் தன் காலத்து ரசனைக்கேற்ப மாற்றினார். முதல், கடைசிப் பகுதிகளில் கூட்டியும் குறைத்தும் எழுதினார். நடுப் பகுதியை அப்படியே நீக்கிவிட்டு, போக்கரினியின் ஜி மேஜர் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து மெதுவான அடாஜியோவை எடுத்து வைத்தார். மனதைப் பிசையும் அந்த அடாஜியோவும் போக்கரினியுடையதுதான், ஆனால் இந்தக் கான்செர்ட்டோவுக்காக எழுதப்பட்டதல்ல. பல தலைமுறைகள் இதையே போக்கரினி என்று நம்பி வாசித்தன. டு ப்ரே 1967இல் பதிவு செய்ததும் இதுதான். மூல வடிவத்தைக் கேட்க விரும்பினால் மோரீஸ் ஜாந்த்ரோன் செல்லோ வாசித்து, பாப்லோ கசால்ஸ் வாத்தியக் குழுவை நடத்திய ஒலிப்பதிவைத் தேடுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காண்பது எளிது. நடுப் பகுதியின் தலைப்பில் 'ஆண்டான்டினோ கிராட்சியோசோ' என்றிருந்தால் மூலம். 'அடாஜியோ' என்றிருந்தால் க்ருட்ஸ்மாகர். அட்டையில் உள்ள ஜி 482 என்ற எண்ணை (போக்கரினியின் படைப்புப் பட்டியலில் இதற்கான எண்) மட்டும் நம்பாதீர்கள், இரண்டுக்குமே அதைப் போடுகிறார்கள்.

சரி, எதைப் படிப்பது? தேர்வுக்கோ போட்டிக்கோ என்றால் பாடத்திட்டத்தில் பதிப்பாசிரியர் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி நிபந்தனை எதுவும் இல்லையென்றால் நான் மூலத்தைத்தான் சொல்வேன். க்ருட்ஸ்மாகரின் வடிவம் கனமானது, உணர்ச்சியைக் கொட்டி வாசிக்கத் தூண்டும். போக்கரினியின் எழுத்தோ லேசானது. செல்லோ வயலின் உயரத்துக்கு ஏறிப் பாடும்போது வாத்தியக் குழு ஒதுங்கி வழிவிடுகிறது. கட்டைவிரலைத் தந்தியில் ஊன்றி வாசிக்கும் உயர் நிலையில் சுருதி சுத்தமாக நிற்க வேண்டும், வில்லில் அழுத்தம் குறைய வேண்டும். கடினம்தான், ஆனால் கையைச் செம்மைப்படுத்த இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அந்த அடாஜியோ மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் அதைத் தனியாக வாசியுங்கள், தப்பே இல்லை. அப்புறம், பியானோ துணைக்கு வருபவரிடம் எந்தப் பதிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு பதிப்பை வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தால் முதல் பகுதியைக்கூட முடிக்க முடியாது.