மலப் பரிசோதனை ஒருமுறை நெகட்டிவ் வந்தால் குடல் புழு இல்லை என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் அப்பாவுக்கு மலப் பரிசோதனை ஒருமுறை நெகட்டிவ் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அப்பாவுக்குப் புழு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் (புழுத் தொற்றில் கூடும் ஒருவகை வெள்ளணு) 14 சதவீதம் என்கிறீர்கள், இது வழக்கத்தைவிட அதிகம். மேலும் தேட அதுவே போதுமான காரணம்.

என் முதல் சந்தேகம் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல் புழு. இதன் இளம்புழுக்கள் மலத்தில் குறைவாகவும் விட்டுவிட்டும்தான் வரும். சாதாரணப் பரிசோதனையில் எளிதில் தப்பிவிடும். ஜியார்டியா என்ற ஒருசெல் குடல் ஒட்டுண்ணியும் அப்படித் தப்பும், ஆனால் பொதுவாக ஈசினோஃபிலை ஏற்றாது.

செய்ய வேண்டியவை:

1. ஒருநாள் விட்டு ஒருநாள், 10 நாட்களுக்குள் 3 மாதிரிகள். சிறுநீர் கலக்கக் கூடாது. தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் லேபில் பார்க்க வேண்டும், தாமதமானால் நகரும் அமீபாக்கள் சிதைந்துவிடும்.

2. செறிவூட்டல் முறையில் (மாதிரியில் உள்ள ஒட்டுண்ணிகளை ஒன்றுதிரட்டி) பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். ஒரே ஒரு முறை தரும் அல்பெண்டசோல் 400 மி.கி. புழு மாத்திரை ஸ்ட்ராங்கிலாய்டஸுக்குப் போதாது, வழக்கமான மருந்து ஐவர்மெக்டின்.

ஈசினோஃபில் ஒவ்வாமையாலும் சில மருந்துகளாலும் ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன்பே இந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் இருந்தால் ஸ்டீராய்டால் அது உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் இன்றே அவரிடம் பேசுங்கள்.