கலர் பவுடர் எதுக்கு, கரட்டும் பீட்ரூட்டும் இருக்கையில?

கேள்வி: டொக்டர், நாங்க தலவாக்கல பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகனுக்கு நாலு வயசு, கிளினிக்ல நிறுத்தப்ப 13.5 கிலோ. மரக்கறின்னா வாயவே தொறக்க மாட்டான், பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். போன்ல வர்ற வீடியோவுல பழம், மரக்கறியில பூ, முயல்னு செஞ்சு குடுக்கிறாங்க. அந்த ஸ்ட்ராபெரி, கலர் குடமொளகா எல்லாம் எங்களால வாங்க ஏலாது. சாப்பாட்டுக்கு போடுற கலர் பவுடர் போட்டு செய்யலாமா?

பதில்: தங்கச்சி, கலர் பவுடர் வேணாம். அதுல ஒரு சத்தும் இல்ல, காசுக்கு கேடு. முயல் செய்யவும் வேணாம், மலையில இருந்து எறங்கி வந்து அடுப்பு பத்தவைக்கிற ஆளுக்கு முயல் செய்ய எங்க நேரம்.

எடை கொஞ்சம் கொறவுதான். நாலு வயசு ஆம்பளப் புள்ளைக்கு நடுத்தரமா 16 கிலோ கிட்ட வரும். ஆனா இது சரிபண்ணிக்கலாம், பயந்துக்காதீங்க.

மரக்கறிக்கு முந்தி தேத்தண்ணிக்கு வருவோம். நம்ம பக்கம் வழக்கமா என்ன நடக்குதுன்னா, காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு, ஓடுற அவசரத்துல புள்ளைக்கும் ஒரு கிளாஸ் சீனித் தேத்தண்ணி ரெண்டு பிஸ்கட், தோட்டத்துல புள்ளைகள பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல இருந்து வந்ததும் இன்னொன்னு, ராத்திரிக்கு ஒண்ணு, வயிறு அதுலயே நெறஞ்சிரும், பெறகு போஞ்சிய வச்சா அவன் எப்பிடி வாயத் தொறப்பான்? அதோட தேயிலையில இருக்கிற டனின் சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. நம்ம பொழப்பே தேயிலதான், அதுக்காக நாலு வயசுப் புள்ளைக்கும் குடுக்கணும்னு இல்லையே. ஒரேயடியா நிறுத்த முடியாட்டி சாப்பாட்டுக்கு முன்ன பின்ன ஒரு மணித்தியாலமாவது குடுக்காதீங்க.

இப்ப கலருக்கு வாங்க. அவன் ரொட்டி திம்பான்தானே, அதுக்குள்ளயே போட்டுருங்க. ஒரு கரட்ட பொடியா துருவி கோதும மா, தேங்காப்பூ, உப்போட பெசஞ்சு தட்டுனா மஞ்சளா வரும். கரட்ல உள்ள கரோட்டின் கொழுப்போட போனாத்தான் ஒடம்புல நல்லா சேரும், அந்த வேலைய தேங்காப்பூ பாத்துக்கும். அடுத்தது பீட்ரூட்ட துருவி, புழியாம அப்பிடியே சேத்து, ரெண்டு சொட்டு தேசிக்கா புளி விட்டு பெசைங்க, புளி விட்டா ரோஸ் கலர் கொஞ்சம் நிக்கும், கல்லு ரொம்ப சூடானா மங்கித்தான் போகும், அதனால தணல கொறச்சு சுடுங்க. வல்லாரையோ பசளியோ பொடியா அரிஞ்சு போட்டா பச்ச. மாவ தட்டி சின்ன கிளாஸ கவுத்தி வட்டம் வட்டமா வெட்ட அவனையே விடுங்க, தான் வெட்டுனத தின்னு பாக்கணும்னு புள்ளைக்கே ஆச வரும்.

பீட்ரூட் தின்ன மறுநா மூத்திரம் ரோஸா போனா ரத்தம்னு அலறிக்கிட்டு ஓடி வராதீங்க. கரட் அதிகமாகி உள்ளங்கை மஞ்சளானாலும் அப்பிடித்தான், கண்ணு வெள்ளையா இருந்தா ஒண்ணும் இல்ல. கண்ணும் மஞ்சளா இருந்தா அது வேற, அன்னைக்கே காட்டணும்.

பழத்துக்கு ஸ்ட்ராபெரி தேட வேணாம். கொய்யாவுல தோடம்பழத்த விட நாலு மடங்கு கிட்ட விட்டமின் சி இருக்கு. கடலைய நல்லா வேகவச்சு நசுக்கி, பக்கத்துல வெத எடுத்த கொய்யாத் துண்டு வைங்க, கடலையில உள்ள இரும்புச்சத்த ஒடம்பு எடுக்க அந்த விட்டமின் சி ஒதவும். பப்பாசி, வாழப்பழம், மரத்தக்காளி எது கெடைச்சாலும் சரி. ஜூஸா அடிச்சு வடிகட்டுனா நாரு போயிரும், துண்டாவே குடுங்க. கடையில விக்கிற போத்தல் ஜூஸ்ல செவப்பு அடையாளம் இருந்தா 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனின்னு அர்த்தம், இலங்கையில 2016ல இருந்து இந்த கலர் அடையாளம் போடுறாங்க, பாத்து வாங்குங்க, வாங்காமவே இருந்தா இன்னும் நல்லது.

பச்ச கரட்ட கட்டையா வெட்டி கையில குடுக்காதீங்க, இந்த வயசுல தொண்டையில அடைச்சிக்கும். துருவணும், இல்லாட்டி அவிக்கணும். நம்ம பக்கம் மரக்கறிக்கு மருந்து அடிக்கிறது தெரிஞ்ச விஷயம்தான், ஓடுற தண்ணியில நல்லா தேச்சு கழுவுங்க, பச்சையா தின்ன குடுக்கிறத கடைசியா கொதிச்சாறுன தண்ணியில ஒருக்கா அலசுங்க.

ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வர மரக்கறியும் பழமுமா ஒரு நாளைக்கு 250 கிராமாவது வேணும்னு 2023ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிச்சு. மொத வாரமே அத எதிர்பாத்து அடிச்சு ஊட்டாதீங்க, டொபி தாறேன்னு ஆச காட்டவும் வேணாம், பெறகு மரக்கறி தின்னா கூலி கேப்பான். ஒரு கரண்டி வைங்க, தின்னாட்டி எடுத்துருங்க, நாளைக்கு திரும்ப வைங்க. புது சாப்பாடு புடிக்க பத்து பதினஞ்சு தடவ ஆகலாம். அப்பாயிகிட்டயும் சொல்லி வைங்க, நீங்க மலைக்கு போனதும் பிஸ்கட் பக்கெட் வெளிய வருதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிற பூச்சி மருந்தும் விட்டமின் ஏயும் குடுத்தாச்சான்னு கிளினிக் கொப்பிய பாருங்க. கண் எமைக்கு உள்பக்கம் வெளிறி இருந்தாலோ, மண்ணு, பச்சரிசி தின்னாலோ, அடுத்த ரெண்டு மாசமும் எடை ஏறாட்டியோ வீட்டுல வச்சு பாத்துக்கிட்டு இருக்காம டொக்டர்கிட்ட காட்டி ரத்தம் செக் பண்ணுங்க.