அவிழ்த்து விடுமுன் கொஞ்சம் யோசியுங்கள்: நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மைதானத்தைப் பற்றியவை. நாய் ஓடி விளையாட வேலி போட்ட பூங்காவா நம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது? விடியற்காலையில் பொது மைதானம், அதை விட்டால் கோயில் திடல். பந்தடிக்கிற பிள்ளைகளும் அங்கேதான்.

அவிழ்த்து விட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பிடிபடமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்? (ஹட்டன்)

அவிழ்க்காமல் இருக்கலாம். கூப்பிட்டால் வராத நாய்க்குக் கயிறுதான். 10 மீற்றர் நைலோன் கயிற்றை நெஞ்சுப்பட்டியில் கட்டி விட்டுக் கூப்பிடுங்கள். வந்தால் அவித்த ஈரலில் ஒரு துண்டு. பிடிபட்டதும் இரண்டு அடி போடுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். வந்ததற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை ஏன் வரும்?

இரண்டரை மாதக் குட்டி. மற்ற நாய்களோடு பழக மைதானத்துக்குக் கொண்டு போகலாமா? (பண்டாரவளை)

தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், தரையில் விடாதீர்கள். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தருகிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். 16 வாரத்தில் போடும் கடைசி ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

பெட்டை நாய்க்குப் பருவ இரத்தம் நின்றுவிட்டது. இனி வெளியே விடலாந்தானே? (பதுளை)

கூடாது. இரத்தம் வெளுக்கிற நாட்களில்தான் சினை பிடிக்கும். இரத்தம் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் மூன்று வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். அப்புறம் கருத்தடைக்கு நாள் குறியுங்கள்.

நாய் மலம் மண்ணுக்கு உரந்தானே? ஏன் அள்ளச் சொல்கிறீர்கள்? (மஸ்கெலியா)

வருடத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். மாட்டுச் சாணத்தையும் நாய் மலத்தையும் ஒன்றாக்காதீர்கள். மாடு புல் தின்கிறது. நாய் இறைச்சி தின்கிறது, அதன் வயிற்றில் வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் குடியிருக்கின்றன. கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறும். வட்டப்புழு முட்டை நம் ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் சாகாது. கை கழுவாத பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் கண்ணையே கெடுக்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் செருப்புப் போட்டுப் பந்தடிக்கிறார்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்ச் தொடங்குமுன் மைதானத்தில் நின்றேன். கோல் கம்பத்துக்கு இரண்டடி தள்ளி மூன்று குவியல். பத்து வயதுப் பையன் ஒருவன் தேயிலைக் குச்சியால் அதைத் தள்ளிவிட்டு, அதே கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கோல் காக்கப் போய் நின்றான். நாய்க்காரர் மேட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அள்ளியிருந்தால் அரை நிமிட வேலை.

நல்ல சேதியும் உண்டு. வட்டப்புழு முட்டை விழுந்த அன்றே தொற்றாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளுங்கள். பையைக் கையில் உறைபோல மாட்டி, அள்ளி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி முடிச்சுப் போடுங்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கும் ஓடைக்கும் பக்கத்தில் எறியாதீர்கள். மழைக்கு எல்லாம் கீழ் லயத்து வீடுகளுக்குத்தான் போகும். மரக்கறித் தோட்டத்திலும் புதைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுங்கள்.

மைதானத்தில் என் நாய் ஒரு பையனைக் கடித்துவிட்டது. ஊசி போட்ட ஞாபகம். பயமில்லையே? (ஊர் எழுதவில்லை)

ஞாபகம் என்று ஒரு தடுப்பூசி கிடையாது. அட்டை எங்கே? பையனின் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித் தூள் எதுவும் பூசக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடிதம் எழுதி என் பதிலுக்குக் காத்திருக்கிற விஷயமா இது? நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், கட்டிப்போட்டு 14 நாள் பாருங்கள். நாய்க்கு விசர் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பிஎச்ஐ) கேளுங்கள். நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்தது. நம்மில் எத்தனை பேர் பதிந்திருக்கிறோம்?

வேலை முடிந்து ஆறரை மணிக்குத்தான் நாயை விட முடிகிறது. (தலவாக்கலை)

அது சிறுத்தை இறங்குகிற நேரம். தேயிலைக்குள் ஓடும் நாய் அதற்கு லேசான இரை. பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கும் இருட்டில் தெரியாது. காலையில் விடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கூப்பிட்டால் வராத நாய்க்குக் கயிறுதான்.

ஹோட்டன் சமவெளிக்கு நாயைக் கொண்டு போகலாமா? (நுவரெலியா)

முடியாது. 1988 முதல் அது தேசியப் பூங்கா.

ஓடைப்பக்கம் விளையாடி வந்ததிலிருந்து தும்மல். ஒரு மூக்கில் மட்டும் இரத்தம். (ஹப்புத்தளை)

அட்டையாக இருக்கும். தடுப்பூசி அட்டை அல்ல, இரத்தம் குடிக்கிற அட்டை. மூக்கில் உப்போ புகையிலைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள். சில மணி நேரம் தண்ணீர் கொடுக்காமல் வைத்து, பிறகு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்கருகில் பிடியுங்கள். அட்டை தலையை நீட்டும். துணியால் பிடித்து மெதுவாக இழுக்கலாம். இரண்டு முறை பார்த்தும் வராவிட்டால் மிருக வைத்தியரிடம் போங்கள்.