ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு?

கேள்வி: ஓய்வுநாளை ஆசரித்தால் மகிழ்ச்சி வரும் என்கிறார் எங்கள் போதகர். எனக்கு ஞாயிறு வந்தாலே தலைவலி. நாலு பேரை ஆராதனைக்குக் கிளப்பணும், வந்ததும் பிரியாணி, அதற்குள் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள், சாயங்காலம் ஒரு வாரத் துணி. மகிழ்ச்சி எங்கே?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் எல்லாரும் ஓய்வுநாளை ஆசரிக்கிறார்கள், உங்களைத் தவிர. நானும் ஒரு காலத்தில் சர்ச்சிலிருந்து வந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்ட ஆள்தான், அதனால் முதல் குட்டு எனக்கே.

பைபிளில் யாத்திராகமம் 20-ஐ வீட்டுக்காரரை விட்டே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மகன், மகள், வேலைக்காரி, மாடு வரைக்கும் அன்று வேலை கூடாது. எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்று உபாகமம் 5 காரணமும் சொல்கிறது. ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்னும் ஏசாயா 58-ம் அதற்கு முன்னால் நுகத்தடியை உடைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் வீட்டு நுகத்தடி அந்தப் பிரியாணி அண்டா.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற அப்பம் விழுந்த காலத்தில் ஆறாம் நாளே இரண்டு பங்கு சேர்த்து, சமைப்பதையும் முடித்துவிடுவார்கள் இல்லையா? அதேபோல சனிக்கிழமை முதுநகரில் சங்கரா வாங்கி மண்சட்டியில் குழம்பு வைத்துவிடுங்கள், மறுநாள் புளியும் காரமும் மீனில் இறங்கி ருசியே வேறாக இருக்கும். ஞாயிறன்று சோறு மட்டும் வடித்தால் போதும், அதையும் அவர் வடிக்கட்டும். சொந்தக்காரர்களுக்கும் அதே குழம்புதான், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். துணியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய்ச் சும்மா உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் கை பரபரக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

கேள்வி: புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணிக்கடை போடுகிறேன். திங்கட்கிழமை ஓய்வெடுத்தால் கர்த்தர் கோபிப்பாரா?
- வாசகர், அரியாங்குப்பம்

பதில்: மாட்டார். கி.பி. 321-ல் ஞாயிறை ஓய்வுநாளாகச் சட்டம் போட்ட ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனே விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார். ஓய்வுநாள் மனுஷனுக்காகத்தான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், மாற்கு 2-ல் இருக்கிறது. போதகர்களுக்கும் ஞாயிறுதானே அதிக வேலை! காலையில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டுக் கடையை விரியுங்கள். ஆனால் திங்கட்கிழமை என்று முடிவு செய்தால் அது திங்கட்கிழமைதான். போனை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். சரக்கு எடுக்க ஈரோட்டுக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.